அண்ணன் வீட்டுக் கறுமணல்

எனக்குப் பொறுமை குறைவு. பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இது எல்லாருக்கும் தெரியும். மண்ணையும் கல்லையும் பையில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே, "அக்கா, இதுல ரேர் எர்த் இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கும். உங்கள் வீட்டுப் பூந்தொட்டியிலும் இருக்கும், கார் நிறுத்துகிற இடத்துப் புழுதியிலும் இருக்கும் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

சீரியம், லாந்தனம், நியோடிமியம், இட்ரியம் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் மனப்பாடம் செய்யாத பெயர்கள். அரிய மண் தனிமங்கள் என்று கூப்பிடுகிறோமே தவிர, அவற்றில் பல வெள்ளீயத்தைவிடத் தாராளமாகவே பூமியில் கிடக்கின்றன. ஓரிடத்தில் திரண்டு கிடப்பதுதான் அபூர்வம். நம் நாட்டில் காட்டு மலைச்சரிவுகளின் களிமண்ணில் அப்படித் திரண்டு கிடக்கும். அதை விட்டால், வெள்ளீயம் தோண்டிய இடங்களில் மிஞ்சிப்போன கறுமணலில். மின்சாரக் கார் ஓடுவதற்கும் செல்பேசி அதிர்வதற்கும் வேண்டிய காந்தத்துக்கு இந்தச் சரக்கு வேண்டும். அதனால் குப்பை என்று கொட்டி மூடிய மணலைத் தேடி இப்போது ஆள் அலைகிறது.

சென்ற ஆண்டு ஒரு காலையில் ஒரு காண்டிராக்டர் ஆள் வந்து என் மேசைமேல் சில பிளாஸ்டிக் பைகளை வைத்தார். பை சிறியதுதான், ஆனால் வைத்தபோது மேசை அதிர்ந்தது. கறுமணல் அப்படித்தான், அளவுக்கு மீறிக் கனக்கும். எங்கே எடுத்தது என்று கேட்டேன். பூச்சோங் பக்கம், பழைய ஈயக்குட்டை ஓரம் என்றார். அந்த இடத்தில்தான் நான் பிறந்தேன்.

ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுமணலுக்கு மலாயில் அமாங் என்று பெயர். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். அப்பா அமாங் பிரிக்கிற கொட்டகையில் வேலை செய்தார். கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக ஏழெட்டுக் குடும்பங்கள். மழை பெய்து வாசல் சேறானால் அமாங்கைத்தான் கொட்டி மிதிப்போம். காலுக்குக் கெட்டியாக இருக்கும், தண்ணீர் தேங்காது. கொட்டகை ஆட்கள் சேர்ந்து குட்டை ஓரத்து அரசமரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு கோயில் எழுப்பியபோது தரைக்கும் அதையே போட்டார்கள். சிலை கிடையாது. கறுமணலை மேடாகக் குவித்து, நடுவில் சூலத்தை ஊன்றி, முன்னால் விளக்கு வைத்தார்கள். வெயிலில் அந்த மேடு மினுமினுக்கும். அதுதான் எங்கள் சாமி.

கொட்டகை மூடிய பிறகும் கோயில் பல வருடம் நின்றது. என் அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், லோரி ஓட்டியவர். எந்த ஊருக்குச் சரக்கு ஏற்றிப்போனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து விளக்கேற்றிவிடுவார். பிறகு ஒரு நாள், நிலம் கைமாறிவிட்டது, அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன, கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு இடம் தருகிறோம் என்றார்கள். இடம் மாறும் சாமிக்கு நம் வழக்கம் ஒன்றுதான். பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிட்டால், சாமி கூடவே வந்துவிட்டதாக அர்த்தம். அண்ணன் ஒரு பிடியோடு நிற்கவில்லை. ஒரு பித்தளைக் குடம் நிறைய அள்ளினார்.

"ஒரு பிடி போதாதாண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னும் எத்தனை எடத்துல இருந்து தொரத்துவாங்கன்னு தெரியல லா. கையிருப்பு வேணும்ல?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

வேறு இடம் வரவில்லை. குடம் கிள்ளானில் அண்ணனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனது. அண்ணி இறந்த பிறகு அங்கே அண்ணனும் மகனும் மருமகளும்தான். சாமி அறை என்று ஒன்று இருந்தது, அலமாரியை எடுத்துவிட்டால் ஒரு ஆள் உட்காரலாம். அதில் மஞ்சள் துணி கட்டி, குடத்தை மணை மேல் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம். தெரிந்தவர்கள் யாராவது உடம்பு முடியவில்லை என்று வந்தால் திருநீற்றோடு ஒரு சிட்டிகை கறுமணலைக் கலந்து பூசிவிடுவார். மருமகளுக்குப் பல வருடமாகக் குழந்தை தங்கவில்லை. அவளுக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுத் தினமும் காலையில் கொடுத்தார். அவள் கர்ப்பமானாள். பிறகு யாரால் நிறுத்த முடியும்?

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நானும் அந்தத் திருநீற்றைப் பூசிக்கொண்டவள்தான். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மண்ணோடு கிடக்கிறவளுக்கு அண்ணன் வீட்டு மண் மட்டும் மண்ணாகத் தெரியவில்லை. வீட்டுச் சாமியை யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

அன்று காலை அந்தப் பையைப் பிரித்துத் தனிமங்களைக் காட்டும் மெஷினில் வைத்தேன். திரையில் சீரியம் ஏறியது, இட்ரியம் ஏறியது, பிறகு தோரியம் ஏறியது. இந்தக் கறுமணலில் மொனசைட் என்று ஒரு கனிம மணி உண்டு. அரிய மண்ணைத் தனக்குள் வைத்திருப்பதும் அதுதான், கூடவே தோரியத்தை வைத்திருப்பதும் அதுதான். ஒன்றை விட்டு ஒன்று வராது. தோரியம் தெரிந்தால் கதிர்வீச்சு மீட்டரை எடுத்து அளக்க வேண்டும் என்பது எங்கள் விதி. மஞ்சள் நிறத்தில், கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. பைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கடகடவென்று கத்தியது.

பையை மூடிவிட்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். மருமகளுக்கு ஏழு மாதம்.

அந்த வெள்ளிக்கிழமையே மேலாளரிடம் கேட்டு மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்குக்கூடப் போகாமல் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். ஒருவேளை குடத்தில் இருப்பது வெறும் மணலாக இருக்கலாம், மேட்டின் எந்தப் பக்கத்தில் அள்ளினாரோ என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே நடைபாதையில் மீட்டரைப் போட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் என்றது, எங்கே போட்டாலும் அவ்வளவு வரும். கூடத்தில் கொஞ்சம் கூடியது. சாமி அறையில் குடத்துக்கு அருகே நீட்டியதும் காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல் வெடித்தது.

அண்ணன் அப்போதுதான் குளித்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார். "என்ன தங்கச்சி சத்தம்?"

"குடத்துல இருக்கிற மணல்தான் அண்ணே. அதுல இருந்து வருது."

அவர் மீட்டரைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். கை இரண்டும் தானாகக் குவிந்தன. கண் கலங்கிவிட்டது. "பேசுறாரு," என்றார். "எத்தனை வருசமா கேட்டுட்டு இருக்கேன், ஒரு வார்த்தை பேசுன்னு. இன்னைக்குத்தான் வாயத் தொறந்திருக்காரு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இது ரேடியேஷன் லா அண்ணே! சாமி இல்ல."

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தொட்டா தெரியுமா?"

"தெரியாது."

"ஆனா இருக்கு?"

"இருக்கு."

"எத்தன நாளைக்கு இருக்கும்?"

வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம். கோபத்தில் இருந்தேன். "அது போகவே போகாது. நாம செத்து, இந்த பில்டிங் இடிஞ்சு, கிள்ளானே இல்லாமப் போனாலும் அப்படியேதான் இருக்கும்."

"அப்புறம் நீ ஏன் அதுக்கு வேற பேரு வைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

மருமகள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது. "அத்தை, நான் தெனமும் குடிச்சேனே," என்றாள்.

அவளைக் கட்டிலில் உட்காரவைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மணி வயிற்றில் கரையாது. போனபடியே பெரும்பாலும் வெளியே வந்துவிடும். உடம்பில் தங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் இனிமேல் ஒரு சிட்டிகைகூடக் கூடாது, குடமும் வீட்டில் கூடாது, நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடு. எல்லாம் உண்மை. ஆனால் 'பெரும்பாலும்' என்பது ஆய்வுக்கூடத்து வார்த்தை, வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சொல்லும் வார்த்தை இல்லை. அவள் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டாள். "பெரும்பாலும்னா, மிச்சம் எங்க போகும் அத்தை?" என்று கேட்டாள்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அது மருமகளின் காதில் ஏறவில்லை. அண்ணனின் காதிலோ வேறு விதமாக ஏறியது. பிள்ளை நன்றாக இருப்பதற்குக் காரணமே குடம்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. கொட்டகைக் குடும்பங்கள் எல்லாம் இன்றைக்குச் சிதறிக் கிடக்கின்றன. கேரி தீவில் சிலர், செராஸில் சிலர். ஒவ்வொருவருக்கும் அண்ணன் போன் போட்டிருக்கிறார். சாமி பேசுகிறார், வந்து கேளுங்கள் என்று. என்னிடம் மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். மாட்டேன் என்று போனை வைத்துவிட்டேன். அதற்கெல்லாம் அசருகிற கூட்டமா? ஒருவர் செல்பேசியில் ஏதோ ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு வந்து குடத்துக்கு முன்னால் பிடித்தாராம், அதுவும் கத்தியதாம். செல்பேசிக்குக் கதிர்வீச்சும் தெரியாது, கத்தரிக்காயும் தெரியாது. ஆனால் பெண்கள் குலவை போட்டிருக்கிறார்கள். இவ்வளவு வருடமாக இடம் இல்லாமல் அலைகிற சாமி ஒருவழியாக வாய்திறந்துவிட்டது என்று அழுதவர்களும் உண்டு. போகும்போது எல்லாரும் ஒரு பொட்டலம் கேட்டார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. கையிருப்புக் குறைந்துவிடும் என்று யோசித்திருப்பார். அதற்காகவாவது நான் முனியாண்டியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

மறுநாள் மருமகள் செராஸில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வளைகாப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. குடம் வெளியே போனால்தான் நான் உள்ளே வருவேன், பிள்ளையும் அதுவரை அந்த வீட்டுக்குள் வராது என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் மகன் எனக்குப் போன் செய்தான். "அத்தை, நீங்க வந்து பேசுங்க. அப்பா சொன்னா கேக்க மாட்றாரு. அவளும் வரமாட்றா. நான் என்ன செய்யட்டும்?" அழாத குறைதான்.

போனேன். கத்தினேன். இத்தனை வருடம் ஏங்கிப் பெறப்போகிற பேரப்பிள்ளையைவிட ஒரு குடம் மணல் பெரிதா என்று கேட்டேன். அண்ணன் திருப்பிக் கத்தவில்லை. அவருக்குக் கோபமே வராது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "தூக்கி எறிய முடியாது தங்கச்சி. எடுத்த எடத்துலயே விட்டுட்டு வர்றேன். அது அவரு வீடு," என்றார். அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறதோ, எனக்கு வந்த பைகளைப் பார்த்தால் அங்கே தோண்டுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது என்று எச்சரித்தேன். "எங்கயாவது ஒரு மூலை இருக்காதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் மூவரும் போனோம். குடத்தைப் பின்னால் டிக்கியில் வை என்றேன். உதிரி டயரோடும் கிழிந்த செருப்போடும் சாமியை வைப்பதா என்று கேட்டு மடியில் வைத்துக்கொண்டார். நான் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

தகர வேலி போட்டிருந்தார்கள். வேலி வாசலில் லோரிகள் வரிசை. உள்ளே குட்டையும் இல்லை, கோயில் மேடும் இல்லை, நாங்கள் குடியிருந்த வரிசையும் இல்லை. ஒரே பெரிய குழி. மண்வாரி ஒன்று கறுமணலை அள்ளி அள்ளி ஏற்றிக்கொண்டிருந்தது. அடுக்குமாடி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற குழி எப்படி இருக்கும் என்று லோரி ஓட்டியவருக்குத் தெரியாதா? அண்ணன் குடத்தோடு இறங்கி முதல் லோரிக்குப் பக்கத்தில் போனார். ஓட்டுநர் தமிழர், முப்பது வயது இருக்கும்.

"எங்க ஏத்திட்டுப் போற, பாஸ்?"

"கழுவுற எடத்துக்கு அங்கிள். அங்க பிரிச்சு எடுத்து கப்பல்ல அனுப்புவாங்களாம்."

"எதுக்கு?"

"காந்தம் செய்யவாம். காருக்கு."

"இங்க வீடு கட்டப் போறதாத்தானே சொன்னாங்க?"

"வீடா? எனக்குத் தெரியல அங்கிள். நான் வந்ததுல இருந்து இது ஒன்னுதான் நடக்குது."

"முனியாண்டி கோயில் ஒன்னு இருந்துச்சே, அரசமரத்தோட?"

"நான் வந்தப்பவே குழிதான் அங்கிள்." அவர் அண்ணனுடைய கையிலிருந்த குடத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்தவர்போல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு பின்னால் ஹார்ன் அடித்தார்கள், அவர் வண்டியை எடுத்தார்.

ஒவ்வொரு லோரியாக எங்களைக் கடந்து போயிற்று. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி நின்று வழிவிட்டார். தார்ப்பாய்க்குக் கீழிருந்து கறுமணல் சாலையில் கோடாக ஒழுகியது. எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. வயதான மனிதர், வெள்ளை வேட்டி, மார்போடு அணைத்த குடம். அந்த இடத்தில் கத்தவும் எனக்குத் தெம்பில்லை. "அண்ணே, வாங்க போகலாம்," என்றுதான் சொன்னேன்.

காரில் ஏறிய பிறகு, "அப்போ அவருல மிச்சம் இருக்கிறது இவ்வளவுதான்," என்று குடத்தைத் தடவினார். வீட்டு வாசலில் இறங்கும்போது மகன் தயங்கித் தயங்கி, "அப்பா, அவளுக்கு நாள் நெருங்குது," என்றான். அண்ணன் தலையாட்டினார். "அத்தைய ஏற்பாடு செய்யச் சொல்லு," என்றார்.

இந்த மாதிரிப் பொருளை வாங்கிக்கொள்ள அரசாங்க அலுவலகம் உண்டு. போன் செய்தேன். ஒரு வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள், முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி, கூட ஒரு இளைஞர். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. செருப்பை வெளியே விட்டார்கள். அண்ணன் கடைசியாகக் கற்பூரம் காட்டி முடிக்கும்வரை வாசலில் பொறுமையாக நின்றார்கள். பிறகு பையைத் திறந்து, முகக்கவசம் மாட்டிக்கொண்டார்கள். நீலநிறக் கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். குடத்தைத் தூக்கிப் பிளாஸ்டிக் உறையில் இறக்கி, வாயைக் கட்டி, பெட்டிக்குள் வைத்து, மேலே மஞ்சள் முக்கோண அடையாளத்தை ஒட்டினார்கள். மஞ்சள் துணி, திருநீற்றுத் தட்டு, மருமகளுடைய டம்ளர் எல்லாம் இன்னொரு உறைக்குள் போயின. மணையைத் துடைத்த துணியும் போயிற்று.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுடைய கையுறையை. நான் மீட்டரைக் காட்டியபோது நம்பாதவர், டாக்டர் சொன்னதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டவர், அந்த நீலக் கையுறையைப் பார்த்ததும் நம்பிவிட்டார். முகம் அப்படியே வெளிறிப்போனது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெட்டி கதவைத் தாண்டும்போது மட்டும் கேட்டார். மலாயில்தான் கேட்டார், தடுமாறாமல். அதை எங்கே வைப்பீர்கள், வெள்ளிக்கிழமை வந்து பார்க்கலாமா என்று. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அது பூட்டிய இடம், அங்கிள், யாரையும் விட மாட்டார்கள் என்று மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டாள்.

வீட்டைக் கழுவிவிட்டோம். நானே மூலைமூலையாக மீட்டரை வைத்துப் பார்த்தேன். வழக்கமான டிக்கைத் தவிர எங்கும் ஒன்றுமில்லை. பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை, நல்ல நிறம், தொண்டைக்குக் குறைவில்லை. மருமகள் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டு, குழந்தைக்கு முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கும்போது கிள்ளானுக்கு வருவதாக முடிவாயிற்று. நான் ஜெயித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது, கொஞ்ச நாள்.

மகன்தான் ஒரு நாள் போனில் சொன்னான். "அத்தை, அப்பா செராஸுக்கு வர்றாரு, ஆனா வீட்டுக்குள்ள வரமாட்றாரு. கேட்டுக்கு வெளிய நின்னு பாப்பாவப் பாத்துட்டுப் போயிர்றாரு. கைய சும்மா சும்மா கழுவுறாரு. சோப்பு போட்டு, பிரஷ் போட்டு. தோலு உரிஞ்சு கெடக்கு."

பிறகு அண்ணனே கூப்பிட்டார். "தங்கச்சி, முப்பதுக்கு வரும்போது அந்த மெஷினக் கொண்டா." எனக்கு நிம்மதியாக இருந்தது. அளந்து காட்டிவிட்டால் தீர்ந்தது, அவருக்கும் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

முப்பது அன்று வீடு நிறைய ஆள். தலைமுடி இறக்கி, சந்தனம் பூசி, குழந்தையை மடிமாற்றி மடிமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நடைபாதையில் சுவரோடு ஒட்டி நின்றார். கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. பார்க்கவே எனக்கு வலித்தது. மருமகள் குழந்தையை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். பழசையெல்லாம் மறந்துவிட்ட முகம். "மாமா, தூக்குங்க," என்றாள்.

"இரும்மா. அத்த பாத்துச் சொல்லட்டும்," என்று என்னிடம் இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க, பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளைபோல்.

மீட்டரை எடுத்தேன். நான் செய்ததெல்லாம் ஆய்வுக்கூடத்துப் பழக்கம்தான். சத்தத்தை நிறுத்திவிட்டு அளந்திருக்கலாம், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கைக்கு மேல் பிடித்தேன். அமைதியாக இருந்தது. சிரித்துக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

டிக் என்றது ஒரு தடவை.

"அது ஒன்னுமில்லண்ணே! எல்லாத்துக்கும் வரும் லா, சொவத்துக்கும் வரும், எனக்கும் வரும், இங்க பாருங்க, என் கையில வைக்கிறேன் பாருங்க," என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன். மருமகள்கூடக் குழந்தையை நீட்டியபடி அப்படியே நின்றாள், அவள் பின்வாங்கவில்லை. அவர்தான் கேட்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்களை விட்டு விலகிப் படிக்கட்டுவரை போய் நின்றார்.

"பிள்ளைய உள்ள தூக்கிட்டுப் போம்மா," என்றார்.